கரிசல் நிலமும் கரிய நாடும்: எகிப்தியத் தொல்லியல் ஆர்வத்திற்குச் சான்றின் அளவுகோல்

ஆய்வுச் சுருக்கம்

பண்டைய எகிப்தின் வரலாறும் தொல்லியலும் தமிழ்ப் படிப்பாளரிடையே நெடுங்காலமாக ஆர்வத்தைத் தூண்டி வருகின்றன. பிரமிடுகளையும் பதப்படுத்தப்பட்ட உடல்களையும் தமிழகத்தோடு இணைத்துப் பேசும் நூல்களும் உரைகளும் மிகுதி. அவ்விணைப்புகளுள் எவை சான்றால் நிற்பவை, எவை வெறும் ஒப்புமையால் எழுந்தவை என்பதைக் கோவில்பட்டியை நடுவாகக் கொண்ட கரிசல் வட்டாரத்தின் நிலையிலிருந்து இக்கட்டுரை ஆராய்கின்றது. பருத்தி, தாழி, பானையோட்டு எழுத்து, முற்றுப்பெறாத கல்வேலை, இரும்பு ஆகிய ஐந்தும் ஆய்வுப் பொருள்களாக எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன. எகிப்தின் வறண்ட மணல் பேணிக் காத்தவற்றைக் கரிசல் மண் பேணவில்லை என்னும் வேறுபாடு இவ்வொப்பீட்டில் அடிப்படையானது என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: கரிசல், கோவில்பட்டி, எகிப்தியவியல், பெரெனிகே, குசேர் அல்-கதீம், ஆதிச்சநல்லூர், தமிழ்-பிராமி, கழுகுமலை.

முன்னுரை

பண்டைய எகிப்தியர் தம் நாட்டைக் ‘கெமெத்’ என்றனர். ‘கரிய நிலம்’ என்பது அதன் பொருள். நைல் ஆறு ஆண்டுதோறும் கொணர்ந்து பரப்பிய வண்டல் மண்ணின் நிறமே அப்பெயருக்குக் காரணம். அவ்வண்டலுக்கு அப்பால் விரிந்த பாலையைச் ‘செந்நிலம்’ என்னும் பொருளில் ‘தெஷ்ரெத்’ என்றனர். தூத்துக்குடி மாவட்டத்தின் வடபகுதியில் கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம் சுற்றிய நிலப்பரப்பு கரிசல் எனப்படுகின்றது. அதே மாவட்டத்தின் தென்பகுதியில் செம்மணல் தேரிகள் உள்ளன. கருமண்ணும் செம்மண்ணும் அருகருகே அமைந்த இரு நாடுகளைக் காணும் ஆர்வலர் இவ்வொற்றுமையால் கவரப்படுவது இயல்பு.

ஆயினும் இவ்வொற்றுமை நிறத்தோடு நின்றுவிடுகின்றது. எகிப்தின் கருமண் எத்தியோப்பிய மேட்டுநிலத்தில் பெய்யும் கோடைமழையால் பெருகிய ஆறு கொணர்ந்தது. அங்கு மழை அரிது. ஆறே வேளாண்மைக்கு முதல். கோவில்பட்டிக் கரிசலில் ஆண்டு முழுவதும் நீரோடும் பேராறு இல்லை. வடகிழக்குப் பருவமழையை நம்பிய மானாவாரி வேளாண்மையும் கண்மாய்களுமே அதன் வாழ்வு. எகிப்தியர் ஆண்டை வெள்ளக்காலம், விளைகாலம், அறுவடைக்காலம் என மூன்றாகப் பகுத்தமைக்கு ஆறே காரணம். கரிசல் உழவர் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வானத்தை நோக்கி நிற்பதற்கு ஆறின்மையே காரணம். பெயர் ஒத்திருப்பினும் வாழ்முறை ஒத்திருக்கவில்லை. தோற்ற ஒப்புமையிலிருந்து தொடர்பை முடிவுசெய்வது எத்துணை எளிது, எத்துணைத் தவறானது என்பதற்கு இதுவே முதற் சான்றாகின்றது. இவ்வெச்சரிக்கையை அடிப்படையாகக் கொண்டு பிற இணைப்புகளை ஆராயலாம்.

பருத்தியும் எகிப்தியவியலின் பொருள்முதலும்

கரிசல் வட்டாரத்தையும் எகிப்தையும் ஒரே பொருளியல் வலைக்குள் கொணர்ந்தது 19ஆம் நூற்றாண்டின் பருத்தி வணிகமாகும். 1861 முதல் 1865 வரை நிகழ்ந்த அமெரிக்க உள்நாட்டுப் போரால் இங்கிலாந்தின் லங்காசயர் ஆலைகளுக்கு வந்துகொண்டிருந்த அமெரிக்கப் பருத்தி தடைப்பட்டது. அவ்விடத்தை நிரப்ப எகிப்தும் இந்தியாவும் முந்தின. எகிப்தில் முகமது அலியின் ஆட்சியில் 1820-களில் பரவிய நீண்ட இழைப் பருத்தி பெரும் விலை பெற்றது. திருநெல்வேலிச் சீமையின் கரிசலில் விளைந்த குட்டை இழைப் பருத்தி, ‘தின்னவெல்லி’ என்னும் வணிகப் பெயரோடு தூத்துக்குடித் துறையிலிருந்து கப்பலேறியது. 1869-இல் சூயசுக் கால்வாய் திறக்கப்பட்டதும் தூத்துக்குடிப் பருத்திப் பொதிகள் எகிப்திய மண்ணின் ஊடாகவே ஐரோப்பாவை அடையும் வழி பிறந்தது. மதுரையிலிருந்து கோவில்பட்டி வழியே தூத்துக்குடிக்கு இருப்புப்பாதை அமைந்ததும் 1870-களின் நடுவில்தான்.

இவ்வணிகத்திற்கும் எகிப்தியவியலுக்கும் உள்ள உறவு தமிழ் ஆய்வுலகில் போதிய கவனம் பெறவில்லை. எகிப்தில் முறையான அகழாய்வைத் தொடங்க உதவியோருள் தொழில்முறை அறிஞரல்லாத ஆர்வலர் பலர். புதின ஆசிரியரான அமெலியா எட்வர்ட்சு தம் நைல் பயணத்தை 1877-இல் நூலாக வெளியிட்டார். 1882-இல் எகிப்து ஆய்வு நிதியத்தை நிறுவுவதில் முன்னின்றார். அவர் நூலால் ஈர்க்கப்பட்ட மான்செசுடர் பருத்தி வணிகர் ஜெசி ஹாவொர்த், ஃபிளின்டர்சு பெட்ரி நடத்திய அகழாய்வுகளுக்குப் பொருளுதவி செய்தார். ஆலை உரிமையாளர் குடும்பத்தில் பிறந்த ஆனி பார்லோ, போல்டன் நகரில் அந்நிதியத்திற்காகத் தொண்டாற்றினார். மான்செசுடர், போல்டன் ஆகிய ஆலை நகரங்களின் அருங்காட்சியகங்களில் எகிப்தியத் தொகுப்புகள் இருப்பதன் பின்னணி இதுவே.

அப்பொருளில் கரிசல் பருத்தியின் பங்கு இவ்வளவென்று பிரித்துக் காட்ட இயலாது. எனினும், எகிப்தின் மணலை அகழ்ந்த கருவிகளுக்குப் பொருள் வந்த வழியில், உலகப் பருத்திச் சந்தையின் ஓர் ஓரத்தில் கரிசல் உழவரின் உழைப்பும் இருந்தது என்பது பிழையன்று. கோவில்பட்டியில் 1901-இல் வேளாண் ஆய்வு நிலையம் அமைந்து, கருங்கண்ணிப் பருத்தியின் மேம்பாடு அங்கு நடைபெற்றதும் இச்சந்தையின் தொடர்ச்சியே. பின்னாளில் எகிப்தின் ‘கர்னக்’ வகையிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட ‘சுஜாதா’, ‘செயின்ட் வின்சென்ட்’ வகையோடு கலப்பினம் செய்யப்பட்டு, 1974-இல் ‘சுவின்’ என்னும் நீண்ட இழைப் பருத்தி கோயம்புத்தூரில் உருவாயிற்று. எகிப்துக்கும் தமிழகத்துக்கும் இடையே ஆவணத்தால் நிறுவத்தக்க பருத்தி உறவு இத்தகையது.

பிணத்துணி பற்றிய நம்பிக்கை

ஆவணத்தால் நிற்கும் இவ்வுறவோடு, நிற்காத ஒரு செய்தியும் பரவலாக வழங்குகின்றது. பாரோ மன்னர்களின் பதப்படுத்தப்பட்ட உடல்கள் இந்தியப் பருத்தித் துணியால் சுற்றப்பட்டவை என்பதே அது. கரிசல் வட்டாரத்தில் பருத்தியின் பெருமையைப் பேசும் இடங்களிலும் இச்செய்தி இடம்பெறுவதுண்டு.

இவ்வினா ஏறத்தாழ 190 ஆண்டுகளுக்கு முன்னரே விடை கண்டது. பிணத்துணி பருத்தியா, ஆளி நாரா என்பதில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய அறிஞரிடையே கருத்து வேறுபாடு நிலவியது. இங்கிலாந்தைச் சேர்ந்த ஜேம்சு தாம்சன் துணி மாதிரிகளைத் திரட்டினார். ஃபிரான்சிசு பாவர் அவற்றின் இழைகளை நுண்ணோக்கியில் கண்டு வரைந்தார். பருத்தி இழை தட்டையாகி முறுக்கேறிய நாடா போன்றது. ஆளி நார் மூங்கிலைப் போலக் கணுக்களை உடையது. 1834-இல் வெளியான தாம்சனின் கட்டுரை, பிணத்துணிகள் ஆளி நாராலானவை என்பதை இவ்வேறுபாட்டைக் கொண்டு நிறுவியது. பாரோ காலத்து எகிப்தின் துணி ஆளி நார்த் துணியே.

எகிப்தில் இந்தியப் பருத்தித் துணி கிடைக்கவில்லை என்பது இதன் பொருளன்று. கிடைத்த இடமும் காலமும் வேறு. செங்கடற்கரையின் பெரெனிகே துறையில், உரோமர் காலத்து மண்ணடுக்குகளில் பருத்தித் துணித் துண்டுகள் கிடைத்துள்ளன. எகிப்திய நூற்பு மரபில் நூல் ஒரு திசையில் முறுக்கப்பட்டது; இந்திய மரபில் அதற்கு எதிர்த்திசையில். நூலின் முறுக்குத் திசையைக் கொண்டு, அத்துண்டுகளுள் பல இந்தியாவிலிருந்து வந்தவை என ஆய்வாளர் கருதுகின்றனர். எனினும் அவை இந்தியாவின் எப்பகுதியைச் சேர்ந்தவை என்பதை முறுக்குத் திசை தனித்துக் கூறாது. எனவே அவற்றைக் கரிசல் பருத்தி எனக் கூறுவதற்கு இடமில்லை. பாரோவின் உடலிலிருந்து பெரெனிகேயின் குப்பைமேட்டிற்குச் சான்று இடம் மாறும்போது பெருமை குறைவதாகத் தோன்றலாம். ஆனால் அக்குப்பைமேட்டுச் சான்றே மறுக்கவியலாதது.

இரண்டாம் இராமசேசின் உடலில் கண்டறியப்பட்ட மிளகும் இவ்வாறே அணுகத்தக்கது. அம்மன்னர் மறைந்தது கி.மு. 13ஆம் நூற்றாண்டில். 1976-இல் அவ்வுடல் பாரிசுக்குக் கொண்டுசெல்லப்பட்டபோது நடந்த ஆய்வுகளின் பயனாக, மூக்குத்துளையில் மிளகு இருந்தமை தெரியவந்தது. மிளகு தென்னிந்திய மேற்குமலையின் பொருள். ஆனால் ஒரு பொருள் பல கைகள் மாறி ஒரு நாட்டை அடைவது வேறு. அந்நாட்டோடு நேரடித் தொடர்பு இருந்தது என்பது வேறு. தனித்து நிற்கும் அச்சான்று முன்னதற்கு இடமளிக்கின்றது. பின்னதை நிறுவப் போதவில்லை.

ஆதிச்சநல்லூரும் எகிப்து மையக் கொள்கையும்

கரிசலுக்குத் தெற்கே, தாமிரபரணிக் கரையில் அமைந்த ஆதிச்சநல்லூர் ஈமக்காடு ஐரோப்பிய ஆர்வலரை முதலில் ஈர்த்த இடங்களுள் ஒன்று. பெர்லினைச் சேர்ந்த யாகோர் 1876-இல் அங்குத் தோண்டி, கிடைத்த பொருள்களைத் தம் நாட்டிற்குக் கொண்டுசென்றார். அதே பதின்மத்தில் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் கொற்கையிலும் காயலிலும் அகழ்ந்து பார்த்தார். 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ ஆதிச்சநல்லூரில் விரிவாக அகழ்ந்தார். தாழிகளும் இரும்புக் கருவிகளும் வெண்கலக் கலங்களும் பொன் நெற்றிப்பட்டங்களும் அடங்கிய அவர்தம் பொருட்பட்டியல் 1915-இல் வெளிவந்தது.

அதே ஆண்டுகளில் எகிப்தே உலக நாகரிகங்களின் ஒரே ஊற்று என்னும் கொள்கை இங்கிலாந்தில் வலுப்பெற்றது. அதன் முதன்மையர் கிராஃப்டன் எலியட் சுமித். கெய்ரோவில் உடற்கூற்றியல் பேராசிரியராகப் பணியாற்றி, அரச உடல்களைப் பற்றி 1912-இல் நூல் வெளியிட்ட அவர், உடலைப் பதப்படுத்தலும் பெருங்கல் அமைத்தலும் எகிப்திலிருந்தே உலகெங்கும் பரவின என வாதிட்டார். அவரைப் பின்பற்றிய வில்லியம் பெர்ரி, பொன்னும் முத்தும் தேடிச் சென்றோர் அப்பண்பாட்டைப் பரப்பினர் எனக் கூறி 1923-இல் ஒரு நூல் எழுதினார். பெருங்கற்காலச் சின்னங்களும் முத்துக்குளித்துறையும் ஒருங்கே அமைந்த பாண்டிநாடு இத்தகைய கருத்திற்கு எளிதில் இரையாகக்கூடியது. ஆதிச்சநல்லூர் மண்டையோடுகளைப் பற்றிச் சுக்கர்மன் எழுதிச் சென்னை அருங்காட்சியகம் 1930-இல் வெளியிட்ட ஆய்விலும் எலியட் சுமித்தின் குறிப்புகள் இடம்பெற்றன.

இக்கொள்கை கைவிடப்பட்டமைக்கு முதற் காரணம் காலக்கணிப்பாகும். எகிப்துக்கும் ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் தனித்தனியே காலவரிசை கிடைத்தபோது, ஒரே ஊற்றிலிருந்து அனைத்தும் பரவின என்னும் கூற்று பொருந்தாமற் போயிற்று. ஈமமுறையின் உட்கூறுகளும் அதனை ஏற்கவில்லை. எகிப்தியர் உடலை அழியாமற் காப்பதையே நோக்கமாகக் கொண்டனர். ஆதிச்சநல்லூரில் எலும்புகளைத் திரட்டித் தாழியில் இடும் முறையும் காணப்படுகின்றது. நோக்கம் வேறாக இருக்க, வடிவ ஒப்புமையால் பயனில்லை.

இங்கு ஓர் எதிர்வினாவும் எழக்கூடும். எகிப்திலும் பானையில் இட்டுப் புதைக்கும் வழக்கம் உண்டு. ரோனிகா பவரும் யான் திரிசுடானும் 2016-இல் வெளியிட்ட கட்டுரை, அவ்வழக்கம் ஏழ்மையின் விளைவே என்னும் பழைய கருத்தை மறுத்து, பானை கருப்பையை நினைவூட்டும் குறியீடாக இருந்திருக்கலாம் என விளக்கியது. தாழியையும் கருப்பையோடு ஒப்பிடும் விளக்கம் தமிழாய்வில் உண்டு. ஆயினும் பானை வனையும் மக்கள் வாழும் இடமெங்கும் இவ்வெண்ணம் தனித்தனியே தோன்றுதல் கூடும். அன்று எகிப்திலிருந்து தமிழகத்திற்கு நாகரிகம் வந்தது என்றோர் செய்த பிழையும், இன்று தமிழகத்திலிருந்து எகிப்துக்குச் சென்றது என்போர் செய்யும் பிழையும் ஒன்றே. அம்பின் திசை மட்டுமே மாறியுள்ளது.

செங்கடல் துறைகளில் தமிழ் எழுத்து

தமிழர் எகிப்தில் இருந்தமைக்கு ஐயத்திற்கிடமற்ற சான்றுகள் உண்டு. அவை பிரமிடுகளின் அருகில் கிடைத்தவையல்ல. பாரோ ஆட்சி முடிந்த பின்னர்ச் செங்கடற்கரையில் இயங்கிய துறைகளில் கிடைத்தவை.

குசேர் அல்-கதீமில் சிகாகோ பல்கலைக்கழகத்தினர் 1978 முதல் 1982 வரை அகழ்ந்தபோது, ‘கணன்’, ‘சாதன்’ என்னும் பெயர்கள் தமிழ்-பிராமியில் கீறப்பட்ட ஓடுகள் கிடைத்தன. கண்ணன், சாத்தன் ஆகிய தமிழ்ப் பெயர்களே அவை. பின்னர்ச் சவுதாம்டன் பல்கலைக்கழகத்தினர் 1999 முதல் 2003 வரை மேற்கொண்ட ஆய்வு, அவ்விடமே பண்டைய மியோசு ஓர்மோசு துறை என்பதை உறுதிசெய்தது. அங்குக் கிடைத்த சேமக்கலத்தின் ஓட்டில் ‘பானை ஒறி’ என்று எழுதப்பட்டிருப்பதை ஐராவதம் மகாதேவன் படித்தறிந்தார். உறியில் தொங்கவிடும் பானை என்பது பொருள். பெரெனிகேயில் 1995-இல் கிடைத்த ஓட்டில் ‘கொறபூமான்’ என்னும் பெயர் உள்ளது. அதே ஊரின் கோவில் வளாகத்தில் இந்தியச் சேமக்கலம் ஒன்றில் 7.55 கிலோகிராம் மிளகு இருந்தது.

‘பானை ஒறி’ என்னும் இரு சொற்கள் பெயர்களைக் காட்டிலும் ஆழமான செய்தியைத் தருகின்றன. பெயர் ஒருவரது வருகையைக் காட்டும். உறி அவரது அன்றாட வாழ்வைக் காட்டும். கரிசல் ஊர்களில் மோர்ப்பானையும் கஞ்சிக்கலயமும் உறியில் தொங்கிய காலம் முதியோர் நினைவிலிருந்து இன்னும் அகலவில்லை. எறும்பும் எலியும் அணுகாமல் உணவைக் காத்த அவ்வீட்டுப் பொருளின் பெயரைத் தமிழறிந்த ஒருவர் தம் எழுத்தில் எழுதிய கலம் செங்கடற்கரையில் கிடந்தது.

நைல் கரையிலும் அண்மையில் சான்று கிடைத்துள்ளது. தீப்சு நகரின் எதிர்க்கரையில் உள்ள மன்னர் பள்ளத்தாக்கின் கல்லறைகள் உரோமர் காலத்திலேயே பயணியர் காணச் செல்லும் இடங்களாயிருந்தன. அங்குச் சென்றோர் சுவரில் கீறிய கிரேக்க, இலத்தீன் எழுத்துகள் 2000-க்கும் மேற்பட்டவற்றை ஜூல் பாயே 1920-களில் வெளியிட்டார். அவற்றினிடையே தமிழ்-பிராமி உள்ளிட்ட இந்திய எழுத்திலமைந்த ஏறத்தாழ 30 கீறல்கள் இருப்பதைச் சார்லத் சுமித், இங்கோ சுட்ரவுக் ஆகியோர் கண்டறிந்து 2026-இல் சென்னையில் நிகழ்ந்த கருத்தரங்கில் எடுத்துரைத்தனர். சிகைக் கொற்றன் என்பவர் ஐந்து கல்லறைகளில் எட்டு இடங்களில் தம் பெயரைப் பொறித்துள்ளார். பிறிதொரு கீறல், எழுதியவர் வந்து கண்டதைக் கூறுகின்றது. அக்கல்லறைகள் அமைந்து ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பின்னர் அங்குச் சென்ற அவர்கள் அவற்றைக் கட்டியோரல்லர். பழமையைக் காணும் வேட்கையால் சென்றோர். எகிப்தியத் தொன்மையில் ஆர்வங்கொண்ட முதல் தமிழராக இன்று பெயரறியப்படுவோர் இவர்களே.

இங்கும் எல்லை அறிதல் வேண்டும். கோவில்பட்டியை அடுத்த சாத்தூரின் பெயரையும் குசேரின் சாத்தனையும் இணைத்துக் காணும் எண்ணம் தோன்றலாம். சாத்தன் என்பது பரவலாக வழங்கிய பெயர். ஊர்ப்பெயரின் தோற்றத்தைக் கல்வெட்டுகளின் துணையோடு தனியே ஆராயாமல், ஒலியொப்புமையை மட்டும் கொண்டு அவ்விணைப்பை வரலாறாக்குதல் தகாது.

முற்றுப்பெறாத இரு கல்வேலைகள்

தொடர்பு இல்லாத இடத்திலும் ஒப்பீடு பயன்தரும் என்பதற்குக் கழுகுமலை நல்ல எடுத்துக்காட்டு. கோவில்பட்டிக்கு மேற்கே அமைந்த அம்மலையில் 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து வெட்டுவான் கோவில் உள்ளது. பாறையைச் சுற்றிலும் வெட்டி ஒதுக்கி, நடுவில் நின்ற கல்லை மேலிருந்து கீழாகச் செதுக்கிய ஒற்றைக்கல் தளி அது. மேற்பகுதி நுண்ணிய சிற்பங்களோடு நிறைவுற்றிருக்க, அடிப்பகுதி முடிக்கப்படாமல் நின்றுவிட்டது. எகிப்தின் அஸ்வான் கற்குழியில் ஏறத்தாழ 42 மீட்டர் நீளமுள்ள ஒற்றைக்கல் தூண் ஒன்று, மூன்று பக்கம் பிரிக்கப்பட்டு அடிப்பாறையோடு ஒட்டிய நிலையில் கிடக்கின்றது. கல்லில் விரிசல் கண்டதால் அது கைவிடப்பட்டது.

எகிப்தியர் அத்தகைய கற்களை எவ்வாறு பிரித்தனர் என்னும் வினாவிற்கு அக்கைவிடப்பட்ட தூணே விடையளித்தது. ரெசினால்டு எங்கல்பாக் 1920-களின் தொடக்கத்தில் அதனைத் தூய்மைசெய்து ஆராய்ந்தார். டோலரைட்டுக் கல்லுருண்டைகளால் இடித்து இடித்துப் பாறையைத் தேய்த்தமைக்கான வடுக்களைக் கண்டார். தாமே இடித்துப் பார்த்துப் பணியின் வேகத்தைக் கணக்கிட்டார். நிறைவுற்ற தூணின் மெருகு மறைத்த வேலைமுறையை நிறைவுறாத தூண் வெளிப்படுத்தியது. வேற்றுலகினரும் மறைந்துபோன பேராற்றலும் பற்றிய கதைகளுக்கு அவ்வடுக்கள் இடமளிக்கவில்லை.

வெட்டுவான் கோவிலின் கீழ்ப்பகுதியும் இத்தகைய ஆவணமே. எகிப்தியர் கல்லால் இடித்த இடத்தில் பாண்டியர் காலச் சிற்பியர் இரும்பு உளியால் கொத்தினர். உளித்தடங்களின் அகலமும் சாய்வும் வரிசையும் பணியின் ஒழுங்கைக் காட்டவல்லவை. சிற்பியின் மகன் போட்டியில் வென்றதால் தந்தை சினந்தான் என்னும் ஊர்வழக்குக் கதையால் அறியப்படும் இத்தளியை, அதன் முடிக்கப்படாத பகுதியின் வழியே அளந்து வரைந்து ஆராயும் பணி எகிப்தின் முன்மாதிரியிலிருந்து கற்றுக்கொள்ளத்தக்கது.

இரும்பும் காலமும்

தமிழகத் தொல்லியல் துறை 2025 சனவரியில் வெளியிட்ட ‘இரும்பின் தொன்மை’ அறிக்கை, சிவகளையில் கிடைத்த மாதிரிகளின் காலம் கி.மு. 4ஆம் ஆயிரத்தாண்டின் பிற்பகுதி வரை செல்வதாகத் தெரிவித்தது. உடனே எகிப்தோடு ஒப்பிடும் பேச்சும் எழுந்தது. இங்கு இரு வேறு வினாக்கள் ஒன்றாக்கப்படுகின்றன. எகிப்தின் கெர்சே இடுகாட்டில் 1911-இல் கண்டெடுக்கப்பட்ட இரும்பு மணிகள் கி.மு. 3200-ஐ ஒட்டியவை, அவை விண்கல் இரும்பைத் தட்டிச் செய்யப்பட்டவை என்பது 2013-இல் உறுதியாயிற்று. துட்டன்காமன் கல்லறையின் குத்துவாளும் விண்கல் இரும்பே என 2016-இல் நிறுவப்பட்டது. தாதுவை உருக்கி இரும்பெடுத்தல் முற்றிலும் வேறான தொழில்நுட்பம். சிவகளை பற்றிய வினா உருக்கிரும்பைச் சார்ந்தது. ஆகவே முந்தியவர் யார் என்னும் போட்டிக்கு முன்னர், எந்த இரும்பு என்னும் வினாவிற்கு விடை தேவை.

காலக்கணிப்பு முறையிலும் எகிப்து வழிகாட்டுகின்றது. கரிமக் காலக்கணிப்பைக் கண்ட லிபி, 1949-இல் தம் முறையைச் சோதித்தபோது, காலம் முன்பே அறியப்பட்ட எகிப்திய அரசர் கல்லறைகளின் மரத்துண்டுகளைப் பயன்படுத்தினார். புதிய முறை, பழைய முறையால் சரிபார்க்கப்பட்டது. ஒரு மாதிரியின் காலமும் அது கிடைத்த பொருளின் காலமும் ஒன்றே என்பதும் தனியே நிறுவப்படவேண்டியது. சிவகளையின் முடிவுகள் பிற இடங்களிலும் பிற ஆய்வகங்களிலும் மீண்டும் மீண்டும் கிடைக்கும்போதே அவை அசைக்கவியலாதனவாகும்.

கரிசல் மண்ணின் இயல்பு இவ்விடத்தில் தனிக் கவனம் பெறவேண்டும். மழையில் உப்பிக் கோடையில் பாளம்பாளமாக வெடிக்கும் மண் அது. மேலே கிடந்த மணியோ ஓடோ வெடிப்பினுள் விழுந்து ஆழத்தை அடையும். அடுத்த மழையில் மண் மூடிக்கொள்ளும். உப்பும் மண் கீழே கிடப்பதை மேலே தள்ளவும் கூடும். எனவே கரிசலில் ஆழம் என்றும் பழமையின் அளவாகாது. ஈரமும் வெப்பமும் மாறிமாறி வரும் அம்மண்ணில் துணியும் ஓலையும் கயிறும் எஞ்சுவதில்லை. எகிப்தின் மணலில் உறியின் பெயரெழுதிய ஓடும் மிளகும் பருத்தித் துணியும் எஞ்சின. முசிறி வணிகக் கடன் ஒப்பந்தத்தை எழுதிய, இன்று வியன்னாவில் உள்ள பாப்பிரசு ஏடும் எஞ்சியது. தமிழக வணிக வரலாற்றின் ஒரு பகுதியைத் தமிழக மண் இழக்க, எகிப்திய மண் காத்துள்ளது. கரிசலில் சான்று கிடைக்காமையை வாழ்வு இல்லாமையாகக் கொள்ளுதல் பிழை. அவ்வெற்றிடத்தைக் கற்பனையால் நிரப்புதலும் பிழை.

வைப்பாற்றின் கரையில் வெம்பக்கோட்டை மேட்டில் 2022 முதல் நடைபெற்ற அகழாய்வுகள் சங்கு வளையல்களையும் கண்ணாடி மணிகளையும் சுடுமண் பொருள்களையும் வெளிக்கொணர்ந்து, கரிசல் வட்டாரத்தின் தொல்பழமையை உறுதிப்படுத்தியுள்ளன. ஆயினும் அகழப்படாத நத்தமேடுகள் பல உழவாலும் மண்ணெடுப்பாலும் சிதைந்து வருகின்றன. பெட்ரி 1901-இல் வெளியிட்ட வரிசைமுறைக் காலக்கணிப்பு, அரசர் பெயர் எதுவுமற்ற எகிப்தியக் கல்லறைகளைப் பானைகளின் வடிவ மாற்றத்தைக் கொண்டே வரிசைப்படுத்தியது. எந்தப் பானை எந்தக் குழியில் எவற்றோடு கிடந்தது என்னும் குறிப்பே அதற்கு மூலப்பொருள். ஓட்டைப் பொறுக்கி வீட்டிற்குக் கொண்டுசெல்லும் ஆர்வலர் அக்குறிப்பை அழிக்கின்றார். கிடந்த இடத்திலேயே படமெடுத்து, இடத்தைக் குறித்து, தொல்லியல் துறைக்குத் தெரிவிப்பவர் அதனைக் காக்கின்றார்.

முடிவுரை

எகிப்தியத் தொல்லியலில் கரிசல் வட்டார ஆர்வலர் கொள்ளும் ஈடுபாடு ஆய்வுக்குத் துணையாகவும் தடையாகவும் அமையக்கூடும் என்பது இவ்வாய்வால் விளங்குகின்றது. கண்டறியப்பட்ட முடிவுகள் வருமாறு:

நிலத்தின் பெயர், பிணத்துணி, தாழி ஆகியவற்றைக் கொண்டு பாரோ கால எகிப்தையும் தமிழகத்தையும் இணைக்கும் கூற்றுகள் சான்றால் நிறுவப்படவில்லை; பிணத்துணி பற்றிய கூற்று 1834-லேயே மறுக்கப்பட்டது.

நேரடித் தொடர்பைக் காட்டும் உறுதியான சான்றுகள் கி.மு. 1ஆம் நூற்றாண்டு முதலான செங்கடல் வணிகக் காலத்தைச் சேர்ந்தவை. குசேர் அல்-கதீம், பெரெனிகே, மன்னர் பள்ளத்தாக்கு ஆகிய மூவிடங்களும் அவற்றிற்கு நிலைக்களன்.

19ஆம் நூற்றாண்டின் பருத்தி வணிகம் கரிசலையும் எகிப்தையும் எகிப்தியவியலின் பொருள்முதலையும் ஒரே சந்தையில் இணைத்தது. இது மேலும் ஆராயத்தக்க களம்.

எகிப்தியவியலிலிருந்து தமிழகம் பெறவேண்டியது பெருமைக்கான ஒப்புமையன்று. முற்றுப்பெறாத கல்லையும் உடைந்த ஓட்டையும் அளந்து, குறித்து, ஒப்பிட்டுப் பார்க்கும் முறையே. மன்னர் பள்ளத்தாக்கில் கொற்றன் பொறித்த பெயர் பிறிதொரு நாட்டின் வறண்ட கல்லறையில் 1700 ஆண்டுகளுக்கு மேல் அழியாதிருந்தது. கோவில்பட்டியைச் சூழ்ந்த மேடுகளில் அவர்தம் காலத்து மக்கள் விட்டுச்சென்ற ஓடுகள் அடுத்த உழவு வரையேனும் தாங்குமா என்பது, எகிப்தின் மீது ஆர்வங்கொண்டோர் தம் ஊரின் மீது கொள்ளும் கவனத்தைப் பொறுத்தது.